பரமசிவம் படத்துக் கேடயம்

கரட்டுப்பாளையத்தில் இறங்கி, இங்கே ஒரு கேடயம் கனத்துப் போச்சாமே, நிஜமா என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் கண்ணை விரிக்க மாட்டார்கள், ஆமாங், கனத்துதுங்க, படம் எடுத்த டைரக்டருக்கே கனத்துது, அதுக்கென்ன இப்போ, என்று சொல்லிவிட்டு, வெயிலில் வந்திருக்கிறீர்களே, ஒரு வாய் மோர் குடிக்கிறீர்களா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஊரின் குணம் அப்படி. வந்தது மனுஷனானாலும் அதிசயமானாலும் முதலில் உட்கார வைப்பார்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அந்த வட்டாரத்துத் தியேட்டர்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், அந்தச் சங்கம் வருஷா வருஷம் ஒரே ஒரு விருது கொடுத்தது, அதற்கு நடுவர் குழு கிடையாது, மதிப்பெண் கிடையாது, வாசலில் கிழித்து வைத்துக்கொண்ட டிக்கெட்டின் பாதியைச் சாக்குச் சாக்காகக் கட்டிக்கொண்டு வந்து எண்ணுவார்கள், எந்தப் படத்துக்குப் பாதி டிக்கெட் அதிகமோ அந்தப் படத்துக்குக் கேடயம், எந்த ஊரில் அதிகமாகக் கிழித்தார்களோ அந்த ஊரில் விழா, அவ்வளவுதான் சட்டம். இன்னொன்றும் உண்டு. படம் எடுத்தவர் கேடயத்தைத் தன் கையால் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால்தான் விழா முடிந்ததாக அர்த்தம், வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனால் அவருடைய அடுத்த படத்துக்கு அந்த வட்டாரத்தில் ஒரு திரையும் திறக்காது. இதுவரை அப்படி யாரும் போனதில்லை என்பதால் அந்தச் சட்டத்தை யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

அந்த வருஷம் ஜெயித்த படம் ‘பம்புசெட்டுப் பரமசிவம்’. முப்பதாயிரம் பேர் இருக்கிற கரட்டுப்பாளையத்தில் மீனாம்பிகா தியேட்டர் ஒன்றில் மட்டும் அது நூற்று எண்பத்து மூன்று நாள் ஓடி, ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் டிக்கெட் கிழித்தது, கைக்குழந்தையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆளுக்கு ஆறு தடவைக்கு மேல் வருகிறது. புதுப்படங்கள் வந்த பிறகும் மத்தியான ஆட்டத்துக்குப் பரமசிவம்தான் என்று தியேட்டர்க்கார அம்மா தெய்வாத்தாள் சொல்லிவிட்டார், ஊரும் அதுதான் சரி என்றது.

படம் எடுத்த கோதண்டபாணிக்கு அந்தப் படத்தின் பெயரை வாயால் சொல்லவே கூச்சம். பதினோரு படம் எடுத்தவர், பதினொன்றும் ஓடியவை, ஆனாலும் யாராவது அறிவாளி நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அலமாரியில் இருக்கிற புத்தகங்களைக் காட்டுவாரே தவிர படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அதெல்லாம் வயித்துப்பாட்டுக்கு எடுத்ததுய்யா, விடு, என்பார். படம் வெளியாகிற அன்றைக்குத் தொலைபேசியை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொள்வார். தியேட்டரில் உட்கார்ந்து தன் படத்தைப் பார்த்ததே கிடையாது. இப்போது அவருக்கு நல்ல காலம் பிறந்திருந்தது, சென்னையில் ஒரு பல் டாக்டர், நீங்க ஆசைப்பட்ட படத்தை நான் தயாரிக்கிறேன் என்று முன்வந்திருந்தார், இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு மீனவரின் கதை, விழாவிலிருந்து பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை கையெழுத்து. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று இருபது வருஷமாகக் காத்திருந்தவர், இந்த விழாவை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுதான் வந்தார்.

மேடையில் கேடயத்தைத் தாம்பாளத்தில் வைத்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் ஒற்றைக் கையில் தூக்கி வந்தது. தேக்குப் பலகை, நடுவில் பித்தளைத் தகட்டில் கைதட்டுகிற இரண்டு கைகள், மொத்தம் ஒன்றரைக் கிலோ இருந்தால் அதிகம். கோதண்டபாணி சிரித்த முகத்தோடு அதை வாங்கினார், வாங்கியவுடன் கேடயம் அவர் கையோடு கீழே போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டது, அவரும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு மறுபடி தூக்கினார், அசையவில்லை, குனிந்து இரண்டு கையாலும் இழுத்தார், கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். சங்கத்துச் செயலாளர் வந்து, இதென்னங்க என்று அலட்சியமாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையில் கொடுத்தார், மறுபடி கீழே போயிற்று. கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம் தட்டுவதை நிறுத்திவிட்டு ரோசனையில் ஆழ்ந்தது.

தெய்வாத்தாள்தான் முதலில் பேசினார். அவருக்கு ஐம்பது வயது, தியேட்டரை அப்பனிடமிருந்து வாங்கி இருபது வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறவர், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

“ஏனுங்க, நீங்க இந்தப் படத்தைப் பாத்தீங்களா?”

“என்னம்மா கேள்வி இது. எடுத்ததே நான்தானே. எடிட்டிங் ரூம்ல நானூறு தடவை பார்த்திருக்கேன்.”

“அது இல்லீங். தியேட்டர்ல, சனத்தோட?”

கோதண்டபாணி குனிந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அன்றைக்கு அங்கிருந்த முன்னூறு பேரும் ஒவ்வொருத்தராகத் தூக்கிப் பார்த்ததில் கேடயத்தைத் தூக்க முடியாமல் போனது மொத்தம் மூன்று பேர், அவரும், அவருடைய கார் டிரைவர் ஜெயசீலனும், முந்தின நாள்தான் மாற்றலாகி வந்திருந்த தபால்காரரும். தபால்காரர் மறுநாள் மத்தியான ஆட்டம் பார்த்துவிட்டு வந்து கேடயத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார், ஜெயசீலன் அதற்கடுத்த நாள். விஷயம் அதோடு ஊருக்குத் தெளிவாகிவிட்டது. டைரக்டருக்கு இன்னும் வேளை வரவில்லை, வரும்வரைக்கும் அவர் நம்ம ஒரம்பரை, வந்த விருந்தாளியைப் பட்டினி போட முடியுமா என்று தெருவுக்குத் தெரு முறை வைத்துக்கொண்டு சோறு கொண்டுவந்தார்கள், ஒரு நாள் அரிசிம்பருப்புச் சோறு, ஒரு நாள் சந்தகை, ஒரு நாள் ஒப்புட்டு, தியேட்டர் மாடியில் ஆபீஸ் அறையைப் பெருக்கிக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். விழா முடியவில்லையே, பந்தலை எப்படிப் பிரிப்பது என்று பந்தலை அப்படியே விட்டுவிட்டார்கள், ஊர்ப் பெண்கள் அதன் விளிம்பில் வெயில் விழுகிற இடத்தில் வற்றல் காயப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

கேடயமோ ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தது. டைரக்டர் தூக்குகிறவரைக்கும் சும்மா கிடப்பானேன் என்று அவரவர் சோலிக்கு அதை எடுத்துப் போனார்கள். காற்றுக்கும் மழைக்கும் அது அசையாது என்பதால் ரேஷன் கடையில் சாக்குக்கு மேலே வைத்தார்கள், ஆடு ஒன்றை அதில் கட்டிப் பார்த்தார்கள், ஆடு படம் பார்க்கவில்லையாதலால் அதனால் இழுத்துக்கொண்டு ஓட முடியவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், பலகாரம் சாப்பிடுங்க, அப்படியே அந்த ஷீல்டைக் கொஞ்சம் இந்தப் பக்கமா வெச்சிருங்க தம்பி, என்றார்கள். ஒரு மாப்பிள்ளையால் முடியவில்லை. ஆறு மாசமாகச் சுத்துப்பட்டே பார்த்த படத்தைப் பார்க்காமல் இந்தப் பையனுக்கு அப்படி என்ன வெசனமோ என்று பெண்ணின் தகப்பனார் வருத்தப்பட்டார், பையன் நல்லவன்தான், ஓடிப்போய் மத்தியான ஆட்டம் பார்த்துவிட்டு வேர்த்து வடிய வந்து தூக்கினான், தை மாசம் கல்யாணம்.

சின்னையன் வாத்தியார் கதைதான் பெரிய கதை. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், சினிமா பார்க்கிறவன் உருப்பட மாட்டான் என்று தினமும் காலை வழிபாட்டில் சொல்லாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. கேடயம் வந்த நாளிலிருந்து அவர் அது இருக்கிற தெருவில் நடப்பதில்லை. ஊர் அதைக் கவனித்தது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை, பெரிய மனுஷன். அவருக்கே பொறுக்காமல் ஒரு நாள் வந்தார், எல்லாரும் பார்க்க வேட்டியை மடித்துக் கட்டினார், மலையைத் தூக்குகிறவர் மாதிரி மூச்சை அடக்கிப் பல்லைக் கடித்து முழு பலத்தோடு இழுத்தார், தூக்க முடியாதது மாதிரி நடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம், ஆனால் இழுப்பது நிஜ இழுப்பாகிவிட்டது, கேடயம் பஞ்சு மாதிரி வந்து அவர் நெஞ்சில் விழ, அவர் மல்லாந்து விழுந்தார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் குனிந்து, எத்தனை தடவைங்க சார், என்று மட்டும் கேட்டது.

“நாலு,” என்றார் வாத்தியார், படுத்தபடியே.

மறுநாளிலிருந்து வழிபாட்டில் அந்த வாக்கியம் இல்லை. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரரும் வந்தார், பரமசிவத்தை நார் நாராகக் கிழித்து எழுதியவர், அவர் அதைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்து, எழுதின பிறகும் ரெண்டு தடவை பார்த்துட்டேன், போட்டோ மட்டும் எடுத்துராதீங்க, என்று கும்பிட்டார்.

இவ்வளவும் நடக்கிறபோது கோதண்டபாணி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் பல் தேய்த்ததும், இன்னிக்கு எங்கே இருக்கு, என்று கேட்டுக்கொண்டு கிளம்புவார், பூக்கடையிலோ மருந்துக்கடையிலோ அதைக் கண்டுபிடித்துக் குனிந்து இழுப்பார், வராது, கடைக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார், திரும்பி வருவார். படத்தைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தப் படத்தின் முன்னால் மூன்று மணி நேரம் உட்காருவதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது, ஊரே பார்க்க ஒரு பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டவர் அதையே மறுபடி யாரோ மைக்கில் சொல்லக் கேட்பது மாதிரி. பத்து நாள் தள்ளிப் போட்டார். டாக்டர் தினம் இரண்டு தடவை கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைய விட்டா நான் ஆஸ்திரேலியா போயிடுவேன் சார், அப்புறம் இந்தப் படம் நடக்காது, என்று சொல்ல ஆரம்பித்தார். கேடயத்தைத் தூக்காமல் போகலாம், ஆனால் திரை கிடைக்காத படத்துக்கு எந்த டாக்டர் பணம் போடுவார்.

புதன்கிழமை வேறு வழியில்லாமல் படம் பார்க்க ஒப்புக்கொண்டார். தெய்வாத்தாள் அவரை மாடியில் முதலாளிக்கென்று இருந்த பாக்ஸில், மெத்தை நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். கோதண்டபாணி மடியில் நோட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு படம் முழுக்கக் குற்றம் எழுதினார், இங்கே விளக்கு சரியில்லை, இங்கே வசனம் வழவழா, இங்கே நடிகருடைய மீசை ஒட்டு தெரிகிறது, மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. முடிந்ததும் இறங்கி வந்து கேடயத்தைப் பிடித்தார்.

வரவில்லை.

அப்போதுதான் அவருக்கு முதல் தடவையாக நிஜமாகவே பயம் வந்தது. தியேட்டர் படிக்கட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஊர் அவரைச் சுற்றி நின்று யோசித்தது. பார்த்த விதம் தப்பா, உட்கார்ந்த திசை தப்பா, வியாழக்கிழமையில் பார்த்தால் ஆகுமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். டிக்கெட் கிழிக்கிற காளிமுத்துவுக்குத்தான் அது பிடிபட்டது.

“ஏனுங்க, அவரு டிக்கெட் வாங்குனாரா?” என்றான் காளிமுத்து. “ஓசியில பாத்தா எப்படிங்க ஆகும். இது பாதி டிக்கெட்டுக்குக் குடுத்த ஷீல்டுங்க. அவரு பாதி எங்கிட்ட இல்லையே.”

எல்லாரும் அடடா என்றார்கள். தெய்வாத்தாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று, விருந்தாளி என்று மரியாதை பண்ணப் போய் மனுஷனின் ஒரு நாளைத் தின்றுவிட்டோமே, என்று அவர் வாய்விட்டே வருந்தினார். “நாளைக்கு நீங்க வரிசையில வாங்க சாமி. நானே வந்து கும்பிட்டுக் கூப்பிட்டாலும் உங்களுக்கு ஓசி கிடையாது.”

வியாழக்கிழமை மத்தியானம் கோதண்டபாணி வெயிலில் பெஞ்சு டிக்கெட் வரிசையில் நின்றார். முன்னால் நாற்பது பேர், பின்னால் அறுபது பேர், கம்பித் தடுப்புக்குள் ஒருத்தர் மேல் ஒருத்தர் மூச்சு படுகிற நெருக்கம், பின்னாலிருந்தவர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, இன்னிக்கு இடம் கிடைச்சுரும் விடுங்க, என்று தைரியம் சொன்னார். கிடைத்தது. முன்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு. காளிமுத்து டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு மீதியை அவர் கையில் வைத்து அழுத்தினான்.

பக்கத்தில் ரங்கம்மாள் என்கிற நூல்மில் தொழிலாளி உட்கார்ந்திருந்தாள், ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்து தலைக்குக் குளித்துப் பூ வைத்து வந்திருந்தாள், பதினான்காவது தடவை. யார் பக்கத்தில் இருக்கிறார் என்று அவள் பார்க்கவே இல்லை. படம் ஆரம்பித்தது. கோதண்டபாணி நோட்டு எடுத்துவரவில்லை, எடுத்து வந்திருந்தாலும் அந்த நெருக்கத்தில் கையை நீட்டி எழுத முடியாது. முதல் கால் மணி அவர் திரையைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. எங்கே சிரிக்கிறார்கள் என்று பார்க்க நிமிர்ந்தார், அவர் சிரிக்க வைக்க நினைத்த இடமே இல்லை அது, பரமசிவம் பம்புசெட்டைக் கழற்றிவிட்டு ஒரு நட்டு மிச்சமாகி அதை யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற இடம், தியேட்டரே தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தது, எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தாங்க, என்று ரங்கம்மாள் கண்ணைத் துடைத்தாள். கோதண்டபாணிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்த மழைக்காட்சி வந்தது. அது வந்த விதம் அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் நடிகருடைய கால்ஷீட்டில் அரை நாள் மிச்சம், வானமும் திடீரென்று பொத்துக்கொண்டது, சும்மா இருப்பதற்கு எதையாவது எடுப்போம் என்று எடுத்தது, வெட்டி எறியச் சொல்லியிருந்தார், எடிட்டர்தான் இருக்கட்டும் என்று விட்டுவைத்தார். எட்டுப் பேரை அடித்துப் போட்டுவிட்டு வருகிற பரமசிவம், மழை வருவதைப் பார்த்து, பேச்சு வார்த்தை இல்லாத பக்கத்து வீட்டில் ஆள் இல்லாமல் பூட்டியிருக்க, கொடியில் காய்கிற அவர்கள் துணியை எடுத்து மடித்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போவான், அவ்வளவுதான்.

விசில் நின்றுபோயிற்று. ஆயிரம் பேர் இருக்கிற தியேட்டரில் கொட்டாவி விடுகிற சத்தம்கூட இல்லை. அப்புறம் எங்கிருந்தோ மெதுவாக ஒரு பெண் குரல், பாவாடைய எடு சாமி மொதல்ல, அது காயாது, என்றது, பரமசிவம் பாவாடையை எடுத்தான், சட்டை, சட்டை, என்றது இன்னொரு குரல், எடுத்தான், ஊரே அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர அவன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தான், கொடியின் கடைசியில் ஒரு துண்டு, சிவப்புக் கரை போட்ட சின்னத் துண்டு, அதை அவன் பார்க்கவில்லை. துண்டு, என்றார்கள். திரும்பிப் போகிறான். துண்டு, துண்டு, அந்தக் கடைசித் துண்டு, என்று முன் பெஞ்சிலிருந்து மாடி வரைக்கும் எல்லாரும் எழுந்து கத்தினார்கள், ஆறு மாசமாகத் தினமும் கத்துகிறார்கள், ஒரு நாளும் அவன் எடுத்ததில்லை, துண்டு நனைந்துகொண்டிருக்கும்போதே காட்சி முடிந்துவிடும்.

நானூறு தடவை பார்த்த கோதண்டபாணி அந்தத் துண்டைப் பார்த்ததே இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு குற்றத்தில் அது இல்லை. அவர் பெஞ்சில் எழுந்து நின்றிருந்தார், தொண்டை கட்டியிருந்தது, அப்போதுதான் தானும் கத்தியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. இருபது வருஷமாக இவர்களுக்குச் சோறு பரிமாறிவிட்டு இவர்கள் சாப்பிடுவதை ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்க்காமல் ஓடி ஒளிந்தோமே என்று அவருக்குத் துக்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று அவருக்குப் புரியவில்லை, புரிய வேண்டுமென்றும் தோன்றவில்லை.

“ஒரு நாளைக்கு எடுத்துருவானுங்க,” என்றாள் ரங்கம்மாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. “எனக்கு நம்பிக்கை இருக்குது.”

“எனக்கும்,” என்றார் கோதண்டபாணி.

இடைவேளை விளக்கு எரிந்தது. எல்லாரும் வெளியே போனார்கள். வெளியே போகிற பக்கத்துக் கதவு தானாக மூடிக்கொள்கிற ஜாதி, அன்றைக்கு யாரோ அது மூடாமலிருக்கக் கேடயத்தை அண்டக் கொடுத்திருந்தார்கள், கோதண்டபாணி அதைத் தாண்டிப் போனார், ஒரு சோடா குடித்தார், ரங்கம்மாளுக்கும் சேர்த்துக் கடலை வாங்கினார்.

“இதெல்லாம் என்னங்க,” என்றாள் அவள். “அடுத்த பாதியில ஒரு இடம் வரும் பாருங்க. துண்டெல்லாம் அதுகிட்ட நிக்க முடியாது.”

“எந்த இடம்?”

“சொல்ல மாட்டேன். வந்து பாருங்க.”

கோதண்டபாணி யோசித்தார். கிணற்றுச் சண்டையா, திருவிழாப் பாட்டா, தங்கச்சி கடுதாசி எழுதுகிற இடமா. தான் எடுத்த படத்தில் அப்படி ஒரு இடம் எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. படத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதின ஒருத்தராலும் சொல்ல முடியாததை இந்த அம்மாள் பதினான்கு தடவை பார்த்து வைத்திருக்கிறாள், அதைப் பார்க்காமல் விடுவதா. மணி அடித்தது. ரங்கம்மாள் முன்னால் ஓடிவிட்டாள். வாசலில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற ஜெயசீலன், சார், டாக்டர் லைன்ல இருக்கார், என்றான், அப்புறம் என்றார் கோதண்டபாணி, திரும்பிப் பார்க்காமல். உள்ளே இருட்டாகிவிட்டது, கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது, வெளிச்சம் திரையில் விழுகிறது, கதவை மூடுங்கப்பா, என்று உள்ளேயிருந்து நாலு பேர் கத்துகிறார்கள், கடைசியாக நுழைகிறவர் அவர்தான். வலது கையில் கடலைப் பொட்டலம். இடது கையால் கேடயத்தைப் பற்றித் தூக்கி உள்பக்கம் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

வெளியே ஜெயசீலன் வாயைத் திறந்தான். காளிமுத்துவும் திறந்தான். அவர்கள் இரண்டு பேர் கையையும் தெய்வாத்தாள் பிடித்துக்கொண்டார்.

“சும்மா இருங்க. படம் முடியட்டும்.”

உள்ளே கோதண்டபாணி இருட்டில் தடவித் தடவி, ஐந்தாறு கால்களை மிதித்து, அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார்.

“ஆரம்பிச்சுட்டாங்களா?”

“இல்லீங், இப்பத்தான்,” என்று நகர்ந்து இடம் விட்டாள் ரங்கம்மாள். “உக்காருங்க, மறைக்குது.”